ஏழு ரூபாய்ப் பாட்டு

2011 முதல் 2013 வரை இணையத்தில் பாட்டு விற்ற ஒரு கடைக்காக வேலை பார்த்தேன். கடையை நடத்தியவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். தமிழ்ப் பாடல்களின் விவரங்களைச் சரிபார்க்கும் வேலையை மட்டும் ராமநாதபுரத்தில், அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த எங்கள் சிறிய அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் ஆறு பேர். நான் பாம்பனில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. யூபிஎஸ் தாங்கும் வரை வேலை, அப்புறம் கரண்ட் வரும் வரை மொட்டைமாடி.

இசை நிறுவனங்கள் பாட்டுக் கோப்புகளோடு ஒரு பட்டியலும் அனுப்பும். படம், இசை, பாடியவர்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் பாதி தப்பாக இருக்கும். இளையராஜா என்ற பெயரே ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாக வரும். சுசீலாவுக்கும் சௌந்தரராஜனுக்கும் இதே கதிதான். நமக்கு ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு ஐந்து ஆட்கள். ஓர் எழுத்து மாறினால், தேடி வந்தவருக்குப் பாதிப் பாட்டு கண்ணில் படாமலே போய்விடும். அதை ஒவ்வொன்றாகச் சீராக்குவதுதான் எங்கள் பிழைப்பு. அலுப்பான வேலை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எனக்கு அப்படி இருந்ததே இல்லை.

ஒரு குறை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பட்டியலில் பாடலாசிரியருக்குக் கட்டமே கிடையாது. நம் ஊரில் ஒரு பழைய பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிஷத்தில் ‘இது கண்ணதாசனா, வாலியா’ என்ற பேச்சு வந்துவிடும். எழுதியவர் பெயர் இல்லாமல் தமிழ்ப் பாட்டை எப்படி விற்பது? கேட்டுக் கேட்டு, மூன்று மாதம் கழித்து ஒரு கட்டம் வாங்கினோம். அதில் நாங்கள் போடும் பெயர் பாட்டுக் கோப்புக்குள்ளேயே பதிந்து, வாங்குகிறவர் கைக்குப் போய்விடும்.

சரி, பெயர்களுக்கு எங்கே போவது? கீழக்கரையில் மூடிக் கிடந்த ஒரு கேசட் கடையில் மூன்று அட்டைப்பெட்டி நிறையப் பழைய கேசட்டுகளை விலை பேசி எடுத்து வந்தேன். கடற்காற்றில் ஸ்க்ரூ எல்லாம் துருவேறி, நாடா பூஞ்சை பிடித்து, ஒன்றும் ஓடுகிற நிலையில் இல்லை. உள்ளே மடித்து வைத்திருந்த அட்டைகள் மட்டும் பிழைத்திருந்தன. மடிப்பைப் பிரித்தால் பொடி எழுத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் நேராகப் பாடியவர்கள் பெயர், கடைசியில் எழுதியவர் பெயர். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து உதிர்ந்திருக்கும். அங்கே மட்டும் விளக்கடியில் சாய்த்துப் பிடித்துப் படிப்பேன். அந்த அட்டைகளை வைத்துத்தான் பல நூறு பாடல்களுக்கு எழுதியவர் பெயரைச் சேர்த்தோம்.

அப்போது இந்தத் தொழிலில் எல்லோருக்குமே நம்பிக்கை இருந்தது. அமெரிக்காவில் 2003 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் கடையைத் திறந்து, ஒரு பாட்டு 99 சென்ட் என்று முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றிருந்தது. 2012 பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் ‘ஃபிளைட்’ என்ற பெயரில் எம்பி3 கடை திறந்தது. அந்த டிசம்பரில் ஐட்யூன்ஸும் இந்தியாவுக்கு வந்தது. எங்கள் கடையில் பெரும்பாலான தமிழ்ப் பாட்டுக்கு 7 ரூபாய் விலை.

பாம்பனில் பஸ் ஸ்டாப் பக்கம் செல்போன் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பார். 4 ஜிபி கார்டு நிறைய, எழுநூறு எண்ணூறு பாட்டு, 50 ரூபாய். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அவரிடமே சொல்லியிருக்கிறேன். “தம்பி, தப்புன்னு தெரியும். கடலுக்குப் போறவன் வந்து நிக்கிறான். நீங்க விக்கிறத அவன் எப்படி வாங்குவான், அதச் சொல்லுங்க” என்பார். எனக்குப் பதில் தெரியாது.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் டவர் கிடைக்காது. ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். ராத்திரி முழுக்கத் தொழில். பாட்டு வேண்டுமென்றால் அது கையில் இருக்க வேண்டும். இறக்கி வைத்துக்கொள்ளும் பாட்டு இவர்களைவிட வேறு யாருக்குத் தேவை? ஆனால் எங்கள் கடையில் வாங்க கார்டோ நெட்பேங்கிங்கோ வேண்டும். அதற்கு மேல், 2009 ஆகஸ்டில் இருந்தே ரிசர்வ் வங்கி விதிப்படி இணையத்தில் கார்டு போட்டால் இன்னொரு கடவுச்சொல் கட்டாயம். பாதுகாப்புக்கு நல்ல விதிதான். ஆனால் 7 ரூபாய்க்கும் 7000 ரூபாய்க்கும் ஒரே நடைமுறை. இதே ஆட்கள் காலர் டியூனுக்கு மாதம் 30 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது பேலன்ஸில் தானாகப் போய்விடும். இவன் காசு கொடுக்க மாட்டான் என்று மீனவர்களைப் பற்றி எங்கள் கூட்டங்களில் பேசும்போதெல்லாம் நான் மறுத்திருக்கிறேன்.

கார்டு வைத்திருந்தவர்கள் கதை வேறு. கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவூதியிலோ இருப்பார். நாகூர் ஹனிபா பாட்டு வேண்டும், எப்படி வாங்குவது என்று அங்கிருந்து கேட்பார்கள். விற்க முடியாது. உரிமை ஒப்பந்தம் இந்தியாவுக்கு மட்டும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ராமேசுவரம் படகில் டிரைவராகப் போகிறவர் ஒருவர் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். அவருக்கு ஒரே ஒரு பாட்டு வேண்டும், அண்ணனிடம் இல்லை. முதல் அடி மறந்துவிட்டது. ‘சரணத்துல வெளக்கப் பத்தி வரும். எங்கப்பா வலை கோக்கும்போது பாடுவாரு. மருதகாசி எழுதினதுன்னு சொல்லுவாரு’ என்றார். எனக்குச் சட்டென்று கட்டம் நினைவுக்கு வந்தது. என் போனில் கடையைத் திறந்து, எழுதியவர் பெயரை வைத்துத் தேடி, ஒவ்வொரு பாட்டின் ஆரம்பத்தையும் ஓடவிட்டேன். பதினோராவது பாட்டுக்கு அவர் கையை உயர்த்தினார்.

என் கார்டில் பணம் கட்டினேன். இரண்டு தடவை கடவுச்சொல் வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிட்டது. மூன்றாவது தடவை போனது. 2ஜியில் பாட்டு இறங்கக் கால் மணி நேரம் ஆனது. அவர் படியில் உட்கார்ந்து காத்திருந்தார். அவருடைய மெமரி கார்டுக்கு மாற்றிக் கொடுத்ததும் முழுப் பாட்டையும் அங்கேயே கேட்டார். சட்டைப் பையில் இருந்து பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். மீதி மூன்று ரூபாயை வாங்க மறுத்துவிட்டார்.

2012 ஜூனில்தான் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. திரையரங்குக்கு வெளியே படப் பாட்டு பயன்பட்டால் இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அந்த உரிமையை எழுதி வாங்கிவிடவும் முடியாது என்று அது சொன்னது. யார் எழுதியது என்றே தெரியாவிட்டால் பங்கு யார் வீட்டுக்குப் போகும்? எங்கள் கட்டத்துக்கு இனி மதிப்பு கூடும் என்று அலுவலகத்தில் எல்லோருமே நினைத்தோம்.

2013 ஜூனில் ஃபிளைட் மூடப்பட்டது. பாட்டுத் திருட்டும், சின்னத் தொகையைச் செலுத்த எளிய வழி இல்லாததும் தீராமல் இந்தத் தொழில் வளராது என்று காரணம் சொன்னார்கள். எங்கள் கடை அடுத்த சில மாதங்கள்தான் தாங்கியது. ஒரு திங்கள்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. மத்தியானத்துக்குள் பட்டியலைத் திறக்கும் அனுமதி போய்விட்டது. வாங்கியவர்கள் தங்கள் பாட்டை இறக்கிக்கொள்ளச் சில வாரம் கொடுத்தார்கள். நாங்கள் சேர்த்த பெயர்களை யாருக்காவது கொடுங்கள், எந்த நிறுவனம் என்றாலும் பரவாயில்லை என்று நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சம்பள பாக்கியை விட அதுதான் எனக்கு வலித்தது.

அப்புறம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா மலிந்தது. பாட்டை யாரும் வாங்கத் தேவையில்லை என்றாகிவிட்டது. கரையில் எல்லோரும் செயலியில் கேட்கிறார்கள். கடலில் இன்னும் டவர் கிடையாது.

போன மாதம் அந்த டிரைவரின் மகன் வந்திருந்தான். அப்பாவுக்குப் புது போன் வாங்கியிருக்கிறான். அதில் கார்டு போடும் இடம் இல்லை. பழைய கார்டில் இருப்பதை மாற்றித் தரச் சொன்னான். பெரும்பாலானவை எங்கெங்கோ இருந்து ஏற்றியவை. பெயரும் இல்லை, விவரமும் இல்லை. நடுவில் ஒன்றுக்கு மட்டும் எல்லாம் இருந்தது. படம், இசை, பாடியவர். எழுதியவர் என்ற இடத்தில் ஏ. மருதகாசி. முதலில் அதை மாற்றிக் கொடுத்துவிட்டு, மற்றதை ஏற்ற ஆரம்பித்தேன்.