அப்பா தாண்டிய தண்ணீர்

இருபது வருடமாகப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறேன். பந்து மட்டையில் படும் கணம், மேடையில் தலைவர் கொட்டாவி விடும் கணம் எல்லாவற்றையும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பிடித்தவன். இன்று காலை மொட்டைமாடியில் அப்பாவைக் கோட்டைவிட்டேன்.

அவருடைய மூட்டுவலி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாசல் கேட்டைத் திறக்கக்கூட அது அவரை விடாது. அப்பேர்ப்பட்ட மனிதர், கவிழ்ந்த வாளித் தண்ணீர் முன்னால் நின்றார். இடம் வலம் பார்த்தார். ஒரே தாவு! இரண்டு காலும் தரையில் இல்லை. தண்ணீருக்குள் இன்னொரு அப்பா தலைகீழாகத் தாவிக்கொண்டிருந்தார்.

என் கையில் இருந்தது துணி கிளிப். பழக்கதோஷத்தில் விரல் அதைத்தான் அமுக்கியது.

1932-இல் பாரிஸ் சாங் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் இதே மாதிரி தேங்கிய நீரைத் தாண்டினார். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வேலிப் பலகை இடுக்கில் கேமராவை வைத்து அமுக்கினார். குதிகால் தண்ணீரைத் தொட மயிரிழைதான் பாக்கி. இடுக்கு போதாமல் படத்தின் இடப்பக்கம் மறைந்துபோய், பிறகு வெட்டவேண்டியதாயிற்று. அவருக்குக் குறுக்கே வேலி, எனக்கு ஈரப் போர்வை. அது பரவாயில்லை. அவர் கையில் கேமரா இருந்ததே! என்னுடையது கீழே, பைக்குள், மூன்று ஜிப்புக்கு அந்தப் பக்கம்.

அம்மாவிடம் சொன்னேன். "படம் எங்கே?" என்றாள். பத்திரிகை ஆசிரியர்கள் இத்தனை வருடமாகக் கேட்கும் அதே கேள்வி. "நானா? இந்தக் காலை வச்சுக்கிட்டா?" என்று அப்பா முழங்காலைத் தடவினார்.

செய்திப் படத்தில் காட்சியைச் சோடிப்பது பாவம். புதுப் பையன்களுக்கு இதை வகுப்பாகவே எடுத்திருக்கிறேன். சரி, வாளி தானாகக் கவிழ்ந்தால்? சாயங்காலம் என் கால் தெரியாமல் பட்டு ஒரு வாளி கவிழ்ந்தது. கதவிடுக்கில் லென்ஸை வைத்துக் காத்திருந்தேன்.

அப்பா வந்தார். தண்ணீரைப் பார்த்தார். அப்புறம் நேராகக் கதவிடுக்கைப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி" என்று முனகியபடி சுவரோரமாகவே சுற்றிப் போனார்.

நொடிக்குப் பத்து வீதம் மொத்தம் நூற்று நாற்பது படம். ஒவ்வொன்றிலும் மூட்டுவலி அத்தனை துல்லியம். அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பாவம்டா மனுஷன்" என்று தைலம் எடுக்கப் போயிருக்கிறாள்.