பாட்டு வெளியிடப் போய்க் கச்சேரிக்கு அலைந்த கதை

எட்டுப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, மிக்ஸ் பண்ணி முடிக்க ஏழு மாதம். அந்த எட்டுக்கும் உரிய காசு என் வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்க ஒன்பது மாதம். நடுவில் குறுக்கே நின்றது வேறு யாருமில்லை, என் பெயர்தான்.

பதிவு செய்த கதை சின்னது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மாமா வீட்டுப் பின்னறை, யன்னலை மூட இரண்டு மெத்தை, ஒரு கொண்டென்சர் மைக். நல்லூர்த் திருவிழா நடந்த 25 நாளும் ஒலிபெருக்கிச் சத்தத்துக்குப் பயந்து மைக்கைத் தொடவில்லை. மூன்றாம் பாட்டின் இரண்டாவது சரணத்தைக் கூர்ந்து கேட்டால் பின்னால் தெருத் தெருவாகப் பாண் (ரொட்டி) விற்கிற ஆட்டோவின் இசை மெல்லக் கேட்கும். நன்றாக வந்த டேக் அது, அழிக்க மனம் வரவில்லை.

ஸ்பொட்டிஃபைக்கும் அப்பிள் மியூசிக்குக்கும் பாட்டு ஒரு விநியோக நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நான் பிடித்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 3000க்கு 3000 பிக்சலில் அட்டைப்படம், வேவ் கோப்புகள் எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் ஏற்றியாயிற்று. இரண்டாம் நாள் திருப்பி அனுப்பினார்கள். அட்டையில் தலைப்பு தமிழில் இருக்கிறது, படிவத்தில் ஆங்கில எழுத்தில் இருக்கிறது, இரண்டும் பொருந்தவில்லையாம். படிவத்திலும் தமிழிலேயே எழுதி, மொழி தமிழ் என்று குறித்ததும் போய்விட்டது. தமிழ்ப் பாட்டுக்கு முதலில் ஏன் ஆங்கில எழுத்தில் தலைப்புப் போட்டேன் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

வெளியீட்டு நாள் காலை போனைத் திறந்தால், என் எட்டுப் பாட்டும் யாரோ ஒரு தாடிக்காரரின் பக்கத்தில் கிடக்கின்றன. அவருக்கும் என்னுடைய அதே ஒற்றைச் சொல் மேடைப் பெயர். அவர் டிஸ்கோ இசைக்காரர். அவருடைய ரசிகர்கள் என் தாலாட்டைக் கேட்டு என்ன நினைத்தார்களோ! பிரித்து எடுக்க 11 நாள் ஆனது. ஆல்பம் வந்த புதிதில் கேட்க வருகிற சனம் முழுக்க அந்தப் பதினொரு நாளில் அவர் வீட்டுக்குத்தான் போனது.

ஆகவே பாட்டு ஏற்றும்போதே 'புதிய கலைஞர்' என்று குறித்துவிடுங்கள். அவசரப்பட்டு அழித்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு பதிவுக்கும் தருகிற அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சியில் பழையதையே கொடுங்கள், இல்லாவிட்டால் கேட்ட கணக்கு பூச்சியத்தில் இருந்து தொடங்கும். வெளியீட்டுத் திகதியைக் குறைந்தது ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். ஸ்பொட்டிஃபையின் பாட்டுப் பட்டியல் (பிளேலிஸ்ட்) ஆசிரியர்களிடம் பாட்டைச் சமர்ப்பிக்க ஏழு நாளாவது முன்னதாக வேண்டும். நான் ஐந்து நாள் வைத்தேன்.

அப்புறம் காசு. நான் பார்த்த நேரத்தில் இலங்கையில் பேபால் வைத்துக் காசு அனுப்பலாம், பெற முடியாது. பேயோனியர் மாதிரி ஓர் இடைச்சேவைதான் வழி. படிவத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். என் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். பார்த்தபடியே நிரப்பினேன். அன்று முதல் வருகிற மின்னஞ்சல் எல்லாம் அப்பாவுக்குத்தான் வணக்கம் சொல்கிறது. வங்கிக் கணக்கோ பள்ளிக்கூடக் காலத்தில் திறந்தது. அதில் அப்பா ஒரே ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டார், என் பெயரில் ஆங்கில 'எச்' ஒன்று கூடிவிட்டது. பெயர் பொருந்தாததால் கணக்கை இணைக்க முடியவில்லை.

சரி, வங்கியில் பெயரைத் திருத்தலாம் என்று போனேன்.

"உது என்ன கம்பனி தம்பி?"

"பாட்டுக்குக் காசு தாற கம்பனி, அக்கா."

"அப்ப அவையிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ."

பெயர் திருத்த வந்தவனிடம் கம்பனிக் கடிதம் எதற்கு என்று கேட்க அப்போது வாய் வரவில்லை. இரண்டாம் தடவை போனபோது கடிதத்தை அவர் கேட்கவேயில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் போட்டோகொப்பி எங்கே என்றார். மூன்றாம் தடவை, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து வரச் சொன்னார். மூன்றையும் முதல் நாளே ஒரு துண்டில் எழுதித் தந்திருந்தால் எனக்கு இரண்டு நாள் லீவு மிஞ்சியிருக்கும்.

இதற்குள் போட்டோகொப்பிக் கடைக்காரர், வெளிநாட்டுக் காசு என்றால் கச்சேரியில் (எங்கள் ஊரில் மாவட்டச் செயலகத்துக்கு அதுதான் பெயர்) இருக்கிற கொன்சியூலர் பிரிவில் முத்திரை குத்த வேண்டும் என்று அடித்துச் சொன்னார். நம்பிப் போனேன். அங்கிருந்தவர் கடதாசியைப் பார்த்துவிட்டு, "இது உள்ளூர் வங்கிக்குத்தானே, வெளிநாட்டில குடுக்கிறதுக்குத்தான் எங்கட முத்திரை" என்று சிரித்தார். நான் அங்கே நிற்கும்போது கனடாவில் இருந்து சித்தி எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார். தம்பி கச்சேரிக்குப் போயிட்டான் என்று அம்மா சொல்ல, "எந்த மண்டபத்தில? வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ" என்றாராம்.

நான்காம் தடவை வங்கியில் அந்த அக்கா லீவு. பக்கத்துக் கதிரையில் இருந்த தம்பி அடையாள அட்டையையும் சத்தியக் கடதாசியையும் பார்த்துப் பத்து நிமிடத்தில் திருத்திவிட்டார். அமெரிக்க வரிப் படிவம் ஒன்றும் வரும். அதிலும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள், வங்கிக் கணக்கும் அதே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். ஆல்பம் தொடங்கும் முன்பே இதை முடித்துவையுங்கள்.

கடைசியில் வந்தது 61 டொலர். ஸ்பொட்டிஃபையில் 2024இல் இருந்து, 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குக் காசில்லை. என் எட்டில் மூன்றுதான் அந்தக் கோட்டைத் தாண்டின. அந்த மூன்றில் ஒன்று, பாண் ஆட்டோ கேட்கிற பாட்டு.