எழுதிய ஆண்டு, அச்சான ஆண்டு: ஸ்பானிய நூல்களுடன் பதினாறு மாதங்கள்

ஸ்பானிய மொழியை இரண்டரை ஆண்டுகள் கற்ற பிறகு, ஸ்பெயினின் நவீன இலக்கியத்தை வரலாற்று வரிசையில் மூலமொழியிலேயே வாசித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் என்பது இலக்கு. பதினாறு மாதங்களில் பத்தொன்பது நூல்கள் முடிந்திருக்கின்றன. அவற்றை வாசித்த முறை எப்படி உருவானது, எங்கே தவறினேன், எங்கே திருத்திக்கொண்டேன் என்பதைப் பதிவு செய்வதே இக்குறிப்பின் நோக்கம்.

முதல் மூன்று மாதங்கள்

பெனீத்தோ பெரெஸ் கல்தோஸிடமிருந்து தொடங்கினேன். ஸ்பெயினின் பத்தொன்பதாம் நூற்றாண்டை அவர் 46 நாவல்களாக எழுதியிருக்கிறார். அத்தனையையும் வாசிப்பது இப்போதைக்கு இயலாது என்பதால் வரிசையின் முதல் நாவலான ‘டிரஃபால்க’ரை எடுத்துக்கொண்டேன். ஸ்பானியக் கப்பற்படை பிரெஞ்சுப் படையுடன் சேர்ந்து ஆங்கிலேயரிடம் தோற்ற 1805ஆம் ஆண்டுக் கடற்போரை, அதில் சிறுவனாக இருந்த கபிரியேல் அராசெலி முதுமையில் நினைவுகூரும் கதை அது. கடற்படைச் சொற்கள் மிகுதியாக வருவதால் முதல் முப்பது பக்கங்களுக்கே இரண்டு வாரம் ஆயிற்று.

கடைசிப் பக்கத்தின் அடியில் ‘மத்ரீத், ஜனவரி–பிப்ரவரி 1873’ என்று ஆசிரியரே குறித்திருந்தார். அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று தேடினேன். அரசர் அமதேயோ முடிதுறந்ததும் ஸ்பெயினின் முதல் குடியரசு அறிவிக்கப்பட்டதும் 1873 பிப்ரவரி 11ஆம் நாள். நாடு தன் கப்பல்களை இழந்த கதையை, நாடு தன் அரசரை இழந்துகொண்டிருந்த வாரங்களில் ஒருவர் எழுதியிருக்கிறார். நாவலில் தாய்நாடு என்றால் என்ன என்று அந்தச் சிறுவன் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

அன்றே ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் கோடிட்டேன்: கதை நிகழும் ஆண்டு, எழுதிய ஆண்டு, அச்சான ஆண்டும் ஊரும். கல்தோஸின் வரிசையில் இரண்டாம் மூன்றாம் பத்திகள் ஒட்டியே இருந்தன. எழுதினார், சில மாதங்களில் தலைநகர் மத்ரீதில் அச்சானது. அதனால் மூன்றாம் பத்தி தேவைதானா என்றுகூடத் தோன்றியது.

நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை

1898இல் ஸ்பெயின் அமெரிக்காவிடம் தோற்றது. கியூபா, புவேர்த்தோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் ஆகியவை கைவிட்டுப் போயின. பிலிப்பைன்ஸுக்காக அமெரிக்கா இரண்டு கோடி டாலர் கொடுத்தது. ஸ்பானியர்கள் இந்நிகழ்வைப் ‘பேரழிவு’ என்ற ஒற்றைச் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். உனாமூனோ, பியோ பரோஹா, அசோரீன், அந்தோனியோ மச்சாதோ போன்ற எழுத்தாளர்களை ‘98ஆம் தலைமுறை’ என்று சேர்த்துச் சொல்வது இதனால்தான்.

இக்காலத்தை வாசிப்பவர் ‘காசிக்கே’ என்ற சொல்லைத் தாண்டிச் செல்ல முடியாது. கரீபியத் தீவுகளின் தாயினோ மொழியில் குலத்தலைவரைக் குறித்த அச்சொல், ஸ்பெயினில் ஊரின் வாக்குகளைக் கையில் வைத்திருந்த பெரிய மனிதரைக் குறிக்கலாயிற்று. முதலில் இதை ‘நாட்டாண்மை’ என்று மொழிபெயர்த்து வைத்தேன். காசிக்கே ஆதிக்கத்தைப் பற்றி ஹொவாக்கீன் கோஸ்தா 1901இல் முன்வைத்த ஆய்வை வாசித்தபின் அதை அடித்துவிட்டேன். நாட்டாண்மையின் அதிகாரம் ஊருக்குள்ளிருந்து வருவது. காசிக்கேயின் அதிகாரமோ மத்ரீதோடு அவருக்கு இருந்த தொடர்பிலிருந்து வந்தது. வேலை வாங்கித் தருவார், வரியைக் குறைத்துத் தருவார், மகனைப் படையில் சேர்க்காமல் காப்பார். அதற்கு ஈடாக வாக்குகளைப் பெற்றுத் தருவார். கானோவாஸின் பழமைவாதக் கட்சியும் சகாஸ்தாவின் தாராளவாதக் கட்சியும் முறைவைத்து ஆண்ட அக்காலத்தில், எந்தத் தொகுதி யாருக்கு என்பது வாக்குப்பதிவுக்கு முன்பே உள்துறை அமைச்சகத்தில் முடிவாகிவிடும். ஆண்கள் அனைவருக்கும் 1890 முதல் வாக்குரிமை இருந்தும் இதுதான் நிலை. ஆகவே குறிப்பேட்டில் ‘காசிக்கே’ என்றே எழுதி, பொருளை மூன்று வரியில் விளக்கி வைத்திருக்கிறேன்.

உனாமூனோவின் 1895ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் வரும் ஒரு கருத்து இக்காலத்துக்கான திறவுகோலாக எனக்கு அமைந்தது. செய்தித்தாள்கள் எழுதும் வரலாறு கடலின் மேலலை. பொழுது விடிந்ததும் வயலுக்குப் போகும் கோடிக்கணக்கானோரின் ஓசையற்ற வாழ்க்கையே அடியாழம் என்கிறார். அதற்கு அவர் உண்டாக்கிய சொல்லை ‘உள்வரலாறு’ என்று தமிழாக்கிக்கொண்டேன். தோல்விக்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே இது எழுதப்பட்டுவிட்டது என்பதைப் பத்திகள் காட்டின. 98ஆம் தலைமுறையின் சிந்தனை முழுவதும் அந்தத் தோல்வியால் விளைந்தது என்று நான் எழுதி வைத்திருந்ததைத் திருத்த வேண்டியதாயிற்று.

எட்டாம், ஒன்பதாம் மாதங்கள்

மெய்யியலாளர் ஹொசே ஒர்தேகா இ கஸெத்தின் புகழ்பெற்ற வாக்கியம் 1914இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில் உள்ளது. ‘நான் என்பது நானும் என் சூழலும்’ என்ற முதல் பாதி மட்டுமே பெரும்பாலும் மேற்கோளாகிறது. மூலத்தில் வாக்கியம் அங்கே முடியவில்லை: ‘அதை நான் காப்பாற்றாவிட்டால் நானும் தப்பமாட்டேன்’ என்று தொடர்கிறது. முதல் பாதி ஒரு விளக்கம். இரண்டாம் பாதி ஒரு கடமை. அவர் அரசியலுக்குள் வந்த காரணத்தை இரண்டாம் பாதியில்தான் காண்கிறேன்.

ஸ்பானிய தேசிய நூலகம் பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ‘எல் சோல்’ நாளிதழின் 1930 நவம்பர் 15ஆம் நாள் இதழைத் திறந்து, ஒர்தேகாவின் கட்டுரையை அது முதலில் வந்த தாளிலேயே வாசித்தேன். ‘ஸ்பானியர்களே, உங்கள் அரசு என்று ஒன்று இல்லை, அதை மீண்டும் கட்டியெழுப்புங்கள்’ என்று சொல்லி, முடியாட்சி அழிக்கப்பட வேண்டும் என்ற லத்தீன் தொடரோடு அது முடிகிறது. ஐந்தே மாதங்களில், 1931 ஏப்ரல் 14 அன்று, இரண்டாம் குடியரசு பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘இது அதுவல்ல, இது அதுவல்ல’ என்று குடியரசின் போக்கைக் கண்டு வருந்தியவரும் அவரே. தொகுப்பு நூல் வழியாக மட்டும் வாசித்திருந்தால் இந்த வேகம் எனக்குத் தெரிந்திராது. இம்முயற்சியில் இறங்குபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அந்த நாளிதழ்த் தொகுப்பைத்தான்.

பத்தாம் மாதம்

இங்கேதான் பெரிய தவறு செய்தேன். 1936 ஜூலையில் படைத்தளபதிகள் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, சலமங்கா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த உனாமூனோ முதலில் அவர்களை ஆதரித்தார். நண்பர்கள் சிறையிலடைக்கப்பட்டுக் கொல்லப்படுவதைக் கண்டு மனம் மாறினார். அக்டோபர் 12 அன்று பல்கலைக்கழகப் பேரவையில், கிளர்ச்சித் தரப்புத் தளபதி மில்யான் அஸ்த்ராய் முன்னிலையில், ‘நீங்கள் வெல்வீர்கள், ஆனால் இணங்க வைக்க மாட்டீர்கள்’ என்ற பொருள்பட அவர் ஆற்றியதாகச் சொல்லப்படும் உரையை முழுமையாகக் குறிப்பேட்டில் எழுதி, மனப்பாடமும் செய்துவிட்டேன்.

பிறகு மூன்றாம் பத்தியை நிரப்பத் தேடினேன். மறுநாள் சலமங்கா நாளிதழ் மற்றவர்களின் உரைகளை வெளியிட்டது; உனாமூனோவின் உரையை வெளியிடவில்லை. நான் மனப்பாடம் செய்த வடிவம் 1941இல் லண்டனில், ஆங்கில இதழ் ஒன்றில், லூயிஸ் போர்த்தியோ என்ற நாடுகடந்த ஸ்பானியப் பேராசிரியர் எழுதியது. அவர் அந்த அரங்கில் இல்லை. அவர் செய்தது இலக்கிய மறுபடைப்பு. அது வரலாற்று நூல்களுக்குள் நுழைந்து, உண்மையான உரை என்றே உலகெங்கும் நிலைத்துவிட்டது. அன்றிரவு மிகவும் வருந்தினேன். ஐந்து பக்கங்களை அடித்தேன்.

ஆனால் எஞ்சியிருப்பது குறைவானதன்று. சிறையிலிருந்த ஒரு புராட்டஸ்டண்ட் போதகரின் மனைவி, கணவரைக் காப்பாற்ற உதவுமாறு உனாமூனோவுக்கு எழுதிய கடிதம் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. மற்றவர்கள் பேசப் பேச, அக்கடிதத்தின் பின்புறத்தில் அவர் தம் கையால் எழுதிய துண்டுச் சொற்கள் இன்றும் உள்ளன. வெல்வதும் இணங்க வைப்பதும், வெறுப்பும் இரக்கமும் என்னும் சொற்களோடு ‘ரிசால்’ என்ற பெயரும் அதில் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹொசே ரிசாலை ஸ்பானிய அரசு 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் சுட்டுக் கொன்றது. அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலொன்றுக்கு 1907இல் பின்னுரை எழுதியவர் உனாமூனோ. இளம் வயதில் பிலிப்பைன்ஸில் போரிட்டவர் மில்யான் அஸ்த்ராய். பேரரசின் இழப்பு நாற்பது ஆண்டுகளாக ஆறாமல் கிடந்து அந்த அரங்கில் மீண்டும் வெடித்திருக்கிறது. புனையப்பட்ட அழகிய உரையைவிட இந்தக் கிழிசல் குறிப்பு எனக்கு அதிகம் சொல்கிறது. பல்கலைக்கழகப் பதவி பறிக்கப்பட்டு, வீட்டுக்குள்ளேயே முடங்கிய உனாமூனோ அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று இறந்தார்.

பதினோராம் மாதத்திலிருந்து

அந்தக் கிளர்ச்சி உள்நாட்டுப் போராக மாறி, அதையடுத்துத் தணிக்கை ஆட்சியும் வந்ததால், 1936க்குப் பிறகு என் மூன்றாம் பத்தியில் மத்ரீத் என்ற பெயர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. கவிஞர் லோர்கா 1936 ஜூனில் எழுதி முடித்த ‘பெர்னார்தா ஆல்பாவின் வீடு’ நாடகம் முதலில் மேடையேறியது 1945இல், புவேனோஸ் ஐரிஸில். ஆசிரியர் சுட்டுக் கொல்லப்பட்டு ஏறக்குறைய ஒன்பதாண்டுகள் ஆகியிருந்தன. நியூயார்க்கைப் பற்றி அவர் 1929–30இல் எழுதிய கவிதைகள் 1940இல் மெக்ஸிகோவிலும் நியூயார்க்கிலும் நூலாயின. குடியரசுத் தலைவர் மனுவேல் அஸாஞ்ஞா 1937இல் எழுதிய உரையாடல் நூல் 1939இல் புவேனோஸ் ஐரிஸில் அச்சானது. அர்த்தூரோ பரேயாவின் தன்வரலாற்று நாவல்கள் மூன்றும் ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகே, 1951இல், அதே நகரில் ஸ்பானிய மொழியில் கிடைத்தன.

மனுவேல் சாவெஸ் நொகாலெஸின் போர்க்கதைகள் மட்டும் என் முறையைக் குழப்பின. மத்ரீதில் நாளிதழ் நடத்திவந்த அவர் 1936 இறுதியில் வெளியேறி, பாரிஸ் அருகே அமர்ந்து எழுதிய ஒன்பது கதைகள் 1937லேயே சிலி நாட்டில் நூலாகிவிட்டன. எழுதியதற்கும் அச்சானதற்கும் இடைவெளியே இல்லை. ஆயினும் இரு தரப்பும் தன்னைச் சுட்டுக்கொல்லப் போதுமான தகுதி தனக்கு இருந்தது என்று முன்னுரையில் சொன்ன அந்த மனிதரை, இரு தரப்பாருமே பல பத்தாண்டுகள் வாசிக்கவில்லை. 1944இல் லண்டனில் இறந்த அவருடைய படைப்புகள் 1990களில்தான் செவில்யாவில் மீண்டும் தொகுக்கப்பட்டன. எனவே நான்காவதாக ஒரு பத்தி கோடிட்டேன்: ஸ்பெயினுக்குள் வாசகர் கைக்குக் கிடைத்த காலம். பழைய பக்கங்களுக்குத் திரும்பிப் போய் இதை நிரப்ப மூன்று வாரம் பிடித்தது. இந்தப் பதினாறு மாதங்களில் மிகப் பயனுள்ள மூன்று வாரங்கள் அவையே.

வெளியே எழுதியவர்கள் உண்மையைச் சொன்னார்கள், உள்ளே இருந்தவர்கள் வாய்மூடியிருந்தார்கள் என்ற எளிய முடிவுக்கு அப்போது வந்திருந்தேன். கார்மென் லஃபோரெத்தின் ‘நாதா’ அதைக் கலைத்தது. 1944இல் எழுதப்பட்டு, முதல் நதால் பரிசு பெற்று, 1945இல் பார்ஸலோனாவிலேயே தணிக்கையைக் கடந்து அச்சான நாவல் அது; ஆசிரியருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. போரைப் பற்றி நேரடியாக மிகச் சிலவே சொல்கிறார். ஆனால் அரிபாவு தெருவின் அந்த வீட்டில் பசியும், பூட்டிய அறைகளும், ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் உறவினரும் இருக்கிறார்கள். தணிக்கையாளர் அதில் அரசியல் ஏதும் காணவில்லை. அன்றைய வாசகர்கள் தங்கள் வீட்டையே கண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். கமீலோ ஹொசே செலாவின் வழி வேறு: 1940களில் தாமே தணிக்கையாளராகப் பணியாற்றிய அவர், பசித்த மத்ரீதைப் பற்றிய ‘தேன்கூடு’ நாவலை 1951இல் புவேனோஸ் ஐரிஸில் வெளியிட வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பது நல்லது.

பதினாறாம் மாதமான இப்போது எலேனா ஃபோர்த்தூனிடம் வந்திருக்கிறேன். 1929 முதல் ஸ்பானியக் குழந்தைகள் விரும்பி வாசித்த செலியா என்னும் சிறுமியை, வளர்ந்த பெண்ணாக உள்நாட்டுப் போருக்குள் அவர் நிறுத்திய நாவல் 1943இல் எழுதப்பட்டது. அவர் 1952இல் இறந்தார். நூல் 1987இல் அச்சானது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் என்பது என் குறிப்பேட்டிலேயே மிக நீண்ட இடைவெளி. மொழி எளிது, ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போகிறது. ஆனால் அறுபதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். சிறு வயதுச் செலியாவின் சேட்டைகளைத் தெரிந்துகொள்ளாமல் போர்க்காலச் செலியாவை வாசிப்பது, அன்றைய வாசகர்களுக்கு இருந்த நினைவு இல்லாமல் வாசிப்பதாகும். அதனால் 1929ஆம் ஆண்டின் முதல் தொகுதியை வரவழைத்திருக்கிறேன். அதை முடித்துவிட்டு அறுபத்தோராம் பக்கத்துக்குத் திரும்புவேன்.