பாய்ப்படகுக் கருவிகளைச் சேலத்து மேசையிலேயே பேசவைத்துவிடுங்கள்

சேலத்தில் கடல் இல்லை, அதனால் படகுக் கருவி வேலைக்கும் இங்கே இடமில்லை என்று நினைக்க வேண்டாம். சென்னையிலோ புதுச்சேரியிலோ நிற்கும் சிறிய பாய்ப்படகுக்குப் பழைய ஜிபிஎஸ் ஒன்று, யாரோ கழற்றிக் கொடுத்த ஆழமானி ஒன்று, புதிதாக வாங்கிய சார்ட் பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் திரை) ஒன்று என்று சேர்ந்துவிட்டதா? மூன்றையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் வேலையில் பெரும்பகுதி வீட்டு மேசையிலேயே முடிந்துவிடும். சென்னை வரை சுமார் 340 கிலோமீட்டர் போய், படகின் அடியறையில் குப்புறப் படுத்துக்கொண்டு எந்த வயர் எது என்று தேடுவது வீண் பாடு.

மேசைக்கு வேண்டியது கொஞ்சம்தான். யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, அதன் பிளஸ் வயரில் 3 ஆம்பியர் பியூஸ், மல்டிமீட்டர், லேப்டாப், கருவியின் டேட்டாவை லேப்டாப்புக்குக் கொண்டுவரும் யுஎஸ்பி-ஆர்எஸ்422 கன்வெர்ட்டர். மலிவான அடாப்டர் வேண்டாம். அதன் இரைச்சல் டேட்டா வயரில் ஏறினால், பழுது கருவியிலா அடாப்டரிலா என்று தெரியாமல் அரை நாள் போய்விடும்.

முதலில் ஒவ்வொரு கருவியும் என்ன மொழி பேசுகிறது என்று கண்டுபிடியுங்கள். சிறிய படகில் பெரும்பாலும் மூன்றுதான்: படகுக் கருவிகளுக்கான பொதுத் தொடர்பு முறைகளான என்எம்இஏ 0183, என்எம்இஏ 2000, மூன்றாவதாகப் பழைய ஆட்டோஹெல்ம், ரேமரைன் நிறுவனக் கருவிகளில் இருக்கும் சீடாக். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் முதல் இரண்டுக்கும் மின்னளவில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 0183 என்பது வரிவரியாக எழுத்துகளை அனுப்பும் சாதாரண சீரியல் தொடர்பு. வேகம் 4800 பாட் (நொடிக்கு 4800 பிட்), சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவிக்கு மட்டும் 38400. 2000 என்பது நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் ஓடும் கேன் பஸ், கார்களில் இருக்கும் அதே குடும்பம். ஒன்றின் வயரை இன்னொன்றில் முறுக்கிவிட்டால் எதுவும் நடக்காது, அல்லது ஏதாவது எரியும்.

0183-ஐ 0183-உடன் இணைப்பதிலேயே பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். காரணம், ஒரே பெயரில் இரண்டு மின்முறைகள் இருக்கின்றன. பழைய கருவிகள் ஒரே சிக்னல் வயரும் கிரவுண்டும் வைத்துப் பேசும். 2.0 பதிப்புக்குப் பிறகு வந்தவை ஏ, பி என்று இரட்டை வயரில் ஆர்எஸ்422 முறையில் பேசும். பழையது பேசி புதியது கேட்கவேண்டுமென்றால், பழையதன் டிஎக்ஸ் (அனுப்பும்) வயரைக் கேட்கும் கருவியின் ஏ-யிலும், பழையதன் கிரவுண்டைக் கேட்கும் கருவியின் பி-யிலும் கொடுங்கள். புதியது பேசி பழையது கேட்கவேண்டுமென்றால், ஏ வயர் மட்டும் பழையதன் ஆர்எக்ஸில் (வாங்கும் வயரில்) போகவேண்டும், கிரவுண்டும் கிரவுண்டும் சேரவேண்டும், பி வயர் நுனியில் டேப் சுற்றிச் சும்மா விட வேண்டும். அந்த பி வயரைக் கிரவுண்டில் சேர்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அனுப்பும் ஐசி சூடேறி, சில நாளில் ஊமையாகிவிடும்.

ஏ, பி என்ற எழுத்தை நம்பாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். என்எம்இஏ வகுத்த ஏ-யும், இந்த இரட்டை வயர் சிக்னலை மாற்றித்தரும் மேக்ஸ்485 போன்ற ஐசியின் காலில் அச்சிட்ட ஏ-யும் நேர் எதிர். பேசாமல் சும்மா இருக்கும்போது என்எம்இஏ கணக்கில் ஏ, பி-யைவிடத் தாழ்ந்த வோல்ட்டில் இருக்கும். ஐசிக்கோ அந்த நேரத்தில் ஏ உயர்ந்திருக்க வேண்டும். அதனால் வயரைக் குறுக்கே மாற்றித்தான் கொடுக்கவேண்டும். வேகம் சரியாக இருந்தும் திரையில் கந்தல் எழுத்துகள் கொட்டினால், முதல் வேலையாக ஏ, பி இரண்டையும் மாற்றிப் போடுங்கள். மாற்றிப் போடுவதால் கருவிக்கு ஒன்றும் ஆகாது.

கடைகளில் கிடைக்கும் அந்தச் சிவப்பு, நீல மேக்ஸ்485 போர்டுகளில் இன்னொரு வினை இருக்கிறது. ஏ-க்கும் பி-க்கும் நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்தே விற்கிறார்கள். 0183 கேட்கும் கருவி 2 வோல்ட்டில் 2 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது விதி. 120 ஓம் இருந்தால் கிட்டத்தட்ட 17 இழுக்கும். வலுவற்ற பழைய ஜிபிஎஸ் அதைத் தாங்காது. மேசையில் 1 மீட்டர் வயரில் ஓடும், படகில் திணறும். சால்டரிங் அயர்ன் வைத்து அந்த ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள். ஈஎஸ்பி32 என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டைப் பயன்படுத்துபவர்கள் 3.3 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்3485 போர்டு வாங்குவது நல்லது. 5 வோல்ட் போர்டின் வெளியீடு ஈஎஸ்பி32-இன் காலைக் கெடுத்துவிடும்.

மின்சாரம் சரியானபின் வேகம். ஹாபி கடையில் வாங்கும் நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல் 9600 பாட் வேகத்தில் வருகிறது, பழைய பிளாட்டர் 4800 தவிர வேறெதையும் கேட்காது. யூ-சென்டர் மென்பொருளில் வேகத்தை மாற்றலாம். ஆனால் சேமித்தபின் பவரை நிறுத்தி, ஒரு நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். போர்டில் உள்ள சின்ன பேட்டரி செத்திருந்தால் பழைய வேகத்துக்கே போய்விடும். வேகத்தைக் குறைத்தால் கொள்ளளவும் குறையும். 4800 பாட் என்றால் நொடிக்கு 480 எழுத்துதான், ஒரு வரி 82 எழுத்துவரை போகலாம். மாட்யூல் எல்லா வரிகளையும் நொடிக்கொரு முறை அனுப்பினால் வழி அடைத்துக்கொள்ளும். செயற்கைக்கோள் பட்டியல் தரும் ஜிஎஸ்வி, ஜிஎஸ்ஏ வரிகளை அணைத்துவிட்டு இடமும் நேரமும் தரும் ஆர்எம்சி, ஜிஜிஏ இரண்டை மட்டும் விடுங்கள்.

அடுத்தது சொற்கள். புதிய ரிசீவர்கள் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸையும் சேர்த்துக் கணக்கிட்டு, வரியை ஜிஎன் என்று தொடங்கும். பழைய ஆட்டோபைலட்டுக்கு ஜிபி என்று தொடங்கினால்தான் புரியும். ரிசீவரின் அமைப்பில் இதை மாற்றிக்கொள்ளலாம். வரியின் கடைசியில் வரும், பிழை சரிபார்க்கும் செக்சம் இல்லாத மிகப் பழைய கருவியும் உண்டு. அப்படிப்பட்ட ஆர்எம்சி வரியைப் புதிய பிளாட்டர் ஒரு வார்த்தை சொல்லாமல் தள்ளிவிடும்.

இதையெல்லாம் மொட்டைமாடியில் வைத்துச் சோதியுங்கள். சேலம் நகரில் அட்சரேகை 1139 அல்லது 1140 என்று தொடங்கும், அதாவது 11 பாகை, 39 அல்லது 40 கலை (மினிட்). இதைத் தசமம் என்று எடுத்துக்கொண்டு சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் ஏமாறுகிறார்கள். ஏற்காடு ஏரிக்கரையில் வரும் 1147-ஐ 11.47 பாகை என்று படித்தால், நீங்கள் சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே ராசிபுரம் பக்கம் நிற்பதாகத் திரை காட்டும். மலையில் அது வேடிக்கை; இரவில் கரையை ஒட்டிப் போகும் படகில் உயிர் விஷயம். கடைசி இரண்டு எண்களையும் அதன்பின் வரும் தசமத்தையும் 60-ஆல் வகுத்து, முன்னே உள்ள பாகையோடு கூட்ட வேண்டும்.

இடம் சரியாக இருந்து தேதி மட்டும் சுமார் 20 வருடம் பின்னால் காட்டுகிறதா? ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. நிறுவனம் புது மென்பொருள் தராத பழைய கருவிக்கு வைத்தியம் இல்லை. இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஓதக் கணக்குக்கு நம்பவேண்டாம்.

இரண்டு கருவிகள் ஒரே வயரில் பேச முடியாது, பலர் கேட்கலாம். ஜிபிஎஸ்ஸும் ஆழமானியும் பிளாட்டரின் ஒரே உள்ளீட்டுக்குப் போகவேண்டுமென்றால் நடுவில் பல உள்ளீடுகளை ஒன்றாக்கும் மல்டிபிளெக்சர் வேண்டும். சீடாக் வயரும் 4800 பாட்தான் என்பதால் நேரே கொடுத்துப் பார்க்கத் தோன்றும், வேண்டாம். அது 12 வோல்ட்டில் ஒற்றை மஞ்சள் வயரில் ஓடுவது, எட்டு பிட்டோடு ஒன்பதாவதாக ஒரு கட்டளை பிட்டும் சேர்ந்து வருவது. அதற்கென்றே விற்கும் கன்வெர்ட்டர் தவிர வேறு வழியில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

என்எம்இஏ 2000 பக்கம் போனால், அங்கே அதே 120 ஓம் கட்டாயம் வேண்டும், கருவிகள் எல்லாம் கிளை வயரால் சேரும் முதுகெலும்புக் கேபிளின் இரண்டு முனைகளில் மட்டும். பவரை நிறுத்திவிட்டு வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வரவேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 40 வந்தால் மூன்றாவது ஒன்று நுழைந்திருக்கிறது. பெரும்பாலும் கேன் பஸ்ஸோடு இணைக்கும் எஸ்என்65எச்விடி230 போர்டில் ஒட்டியே வருவது, அதையும் கழற்றுங்கள். கிளை வயர் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது. பவர் ஓர் இடத்தில் மட்டும் கொடுக்கவேண்டும், அதுவும் 9 முதல் 16 வோல்ட்டுக்குள்.

0183-இலிருந்து 2000-க்கு மொழிபெயர்க்க ஈஎஸ்பி32-ஐ வைத்தே கேட்வே செய்யலாம்: ஆர்எம்சி வரி 129025, 129026 என்ற எண்ணுள்ள இரண்டு செய்திகளாகவும், ஆழம் 128267 ஆகவும் போகும். திரையில் காட்டுவதற்கு இது நன்றாகவே போதும். ஆட்டோபைலட்டைத் திருப்பும் வேலையை மட்டும் வீட்டில் செய்த கேட்வேயிடம் ஒப்படைக்காதீர்கள். அங்கே காசு கொடுத்து, மின் தடுப்பு உள்ள, சான்று பெற்ற கேட்வே வாங்குங்கள்.

ஆழமானியின் சென்சாரைப் பக்கெட் தண்ணீரில் போட்டுவிட்டு எண் வரவில்லை என்று கவலைப்படுபவர்கள் உண்டு. அத்தனை குறைந்த ஆழத்தை அது அளக்காது. கோடுகள் மட்டும் தெரியும், வரியில் அந்த இடம் காலியாக இருக்கும். நம் பக்கம் தோட்டங்களில் இருக்கும் அகலமான பாசனக் கிணறு இதற்கு அருமையான சோதனைக்கூடம். சென்சாரின் முகம் நேர்கீழாக இருக்கும்படி கிணற்றின் நடுவில், தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் தொங்கவிட்டு, கல் கட்டிய கயிற்றால் ஆழத்தை அளந்து ஒப்பிடுங்கள். உப்பு நீரில் ஒலி 2, 3 சதவீதம் வேகமாகப் போகும் என்பதால் சிறு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

எல்லாம் ஓடியபின் ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் பெயர் ஒட்டி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் பயன்படுத்திய ஜம்பர் வயர்கள் படகுக்குப் போகக்கூடாது. உப்புக் காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துவிடும். டின் பூசிய வயரும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயும் வாங்குங்கள். பெட்டிக்குள் வயர் மேலிருந்து நுழையக்கூடாது. கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, அடியிலிருந்து உள்ளே ஏற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.