'மிதம்' என்றால் எத்தனை அடி?

"அரசின் வெள்ள அபாயப் பட்டியலில் நம்ம ஏரியா மிதமான பாதிப்பு வகைதானே, பயமில்லை" என்றார் குமரி மாவட்டக் குழித்துறை நண்பர். சரி, அந்த வகையை எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? தேங்கும் வெள்ளத்தின் ஆழத்தை வைத்து. 5 அடிக்கு மேல் மிக அதிகம், 3 முதல் 5 அதிகம், 2 முதல் 3 மிதம், அதற்குக் கீழே குறைவு. இரண்டரை அடி நின்றால் கட்டில் மெத்தை நனைந்துவிடும், அடுக்களையில் கேஸ் சிலிண்டர் மிதக்கும். இதுக்குப் பேர் மிதமாம்!

கடலுக்கு இந்தக் கணக்கு உதவாது. சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும் பேரலைதான் கள்ளக்கடல்; அதற்கு மழையே வேண்டாம். எங்கோ தெற்கே ஆழ்கடலில் வீசிய காற்றின் அலை அது. 2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படியொரு நாளில்தான். அதற்கான எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள, கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் (INCOIS) மையம் தனியாக வெளியிடும். பிள்ளைகளோடு கடற்கரைக்குக் கிளம்பும்முன் அதையும் பாருங்கள்.