ஆப்பிள் டூ-ஈ பெட்டிக்குள் கார்டு செருகும் வேலை: நாட்குறிப்பு

ஜூன் 7
1983இல் வந்த ஆப்பிள் கணினிப் பெட்டி இது. மூடியைப் பின்விளிம்பில் பிடித்து மேலே இழுத்தால் கையோடு வந்துவிடும், ஸ்குரூ கிடையாது. இடப்பக்கம் பவர் சப்ளை, பின்னால் கார்டுகளை (கூடுதல் வேலைக்கான சர்க்யூட் பலகைகளை) செருகும் ஸ்லாட்டுகள், 1 முதல் 7 வரை. இன்று கார்டு எதுவும் செருகப்போவதில்லை, பவர் சப்ளை மட்டும்தான். மின்வடிகட்டியில் இருக்கும் 0.1 மைக்ரோஃபாரட் பேப்பர் கெப்பாசிட்டரின் உறை வெடிப்பு விட்டு ஈரம் இழுத்திருக்கிறது. அப்படியே கரண்ட் கொடுத்தால் நாற்றத்தோடு புகைதான் மிஞ்சும். அதே மதிப்பில் எக்ஸ்2 வகை (மெயின் கரண்டில் போடுவதற்கான பாதுகாப்பு வகை), 275 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டாயிற்று. பெரிய கெப்பாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும், மீட்டரில் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

ஜூன் 8
64 கேபி கூடுதல் நினைவகமும், திரையில் வரிக்கு 80 எழுத்தும் தரும் 80 பத்தி கார்டு. இதற்குத் தனி ஸ்லாட் உண்டு. அமெரிக்க மதர்போர்டில் (பெட்டியின் முதன்மைப் பலகையில்) அது பவர் சப்ளையை ஒட்டியும், ஐரோப்பிய போர்டில் 3ஆம் ஸ்லாட்டுக்கு நேராகவும் இருக்கும். எந்த போர்டானாலும் 3ஆம் ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். 80 பத்திக்கான ரோம் (நிலையாகப் பதித்த நிரல்) அந்த ஸ்லாட்டின் முகவரியில்தான் ஓடுகிறது.

கார்டில் ஒரு சின்ன ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் துண்டு) இருக்கிறது. மதர்போர்டு எண் 820-0064-பி என்றால் அதைப் போடலாம், இரட்டை ஹைரெஸ் (கூடுதல் நுணுக்கமான) படம் கிடைக்கும். எண் ‘ஏ’ என்று முடிந்தால் கழற்றியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பெட்டி எழும்பாது. ‘கார்டு செத்துப்போச்சு’ என்று தூக்கிப்போட்டதில் பாதி இந்த ஜம்பராகத்தான் இருக்கும்.

சோதனை: புரோடாஸ் என்ற இயங்குதளத்தில் பூட் செய்து /ரேம் என்ற வால்யூம் (நினைவகத்தில் உருவாகும் வட்டு) தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பெட்டியின் 64உம் கார்டின் 64உம் சேர்ந்த 128 கேபியும் வேலை செய்கிறது.

ஜூன் 10
ஃபிளாப்பி டிரைவை இயக்கும் டிஸ்க் கன்ட்ரோலர் கார்டு, 6ஆம் ஸ்லாட். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது, கையை எடுங்கள். சுவிட்சை அணைத்து, பவர் சப்ளையின் உலோகப் பெட்டியை ஒருமுறை தொட்டுவிட்டுச் செருகுங்கள். சிப்புகள் வலப்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிச் செருகினால் கார்டின் 5 வோல்ட் பின்னில் 12 வோல்ட் ஏறும்.

அதைவிட ஆபத்து, டிரைவின் 20 பின் ரிப்பன் கேபிள். பிளக்கைத் தடுக்கக் கார்டில் பள்ளமோ சுவரோ கிடையாது. ஒரு பின் தள்ளி உட்கார்ந்தால் டிரைவுக்குள் இருக்கும் 74எல்எஸ்125 சிப் போய்விடும். டார்ச் அடித்து இரு முனையிலும் பாருங்கள், ஒரு பின்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சிப்பின் விலை சொற்பம்தான்; போர்டைக் கழற்றிப் பற்றவைப்பதுதான் அரைநாள் வேலை.

ஜூன் 11
ஒலிக்கு மாக்கிங்போர்டு என்ற கார்டு. விளையாட்டுகள் பெரும்பாலும் 4ஆம் ஸ்லாட்டில்தான் அதைத் தேடும். மெமரி கார்டு ரீடர் 7இல். பெட்டி பூட் செய்ய வட்டை 7இலிருந்து கீழிறங்கித் தேடுவதால் பூட் அங்கிருந்தே ஆகும். ஃபிளாப்பி வேண்டுமென்றால் பி.ஆர்.#6 (PR#6) என்ற கட்டளையைத் தட்டுங்கள்.

எல்லாக் கார்டும் சேர்ந்து 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது. பவர் சப்ளை ‘டிக், டிக்’ என்றால் எங்கோ ஷார்ட். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள்.