அப்பாவுக்குக் கேப்ஷன் போன்: பெயரும் லைனும் படுத்திய பாடு

நியூ ஜெர்சியில் எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு ஒருவழியாகக் கேப்ஷன் போன் வந்து, மாட்டி, அவர் அதில் பேசவும் தொடங்கிவிட்டார். எதிர்முனையில் இருப்பவர் சொல்வது திரையில் பெரிய எழுத்தில் வரிவரியாக ஓடும் போன். "படிவத்தை நிரப்புங்கள், போன் இலவசமாக வீடு தேடி வரும்" என்றுதான் எல்லா விளம்பரமும் சொல்கிறது. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத, பிள்ளை வீட்டில் வசிக்கும் நம்மூர்ப் பெரியவருக்கு அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. எங்களைப் போல அலைய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தச் சத்தத்திலேயே வாழ்நாள் போனதில் இரண்டு காதிலும் உயர் அதிர்வெண் ஒலிகள் போய்விட்டன. நேரில் முகம் பார்த்துப் பேசினால் ஓரளவு சமாளிப்பார். போனில் முடியாது. உதட்டைப் பார்க்க வழியில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, பழைய தொலைபேசி லைன் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. 'ஸ்', 'ஃப்', 'த்' போன்ற மெய்யொலிகளுக்கு உயிர் கொடுப்பது அதற்கு மேலே உள்ள பகுதிதான். ஹியரிங் எய்டில் எவ்வளவு கூட்டினாலும் லைனில் வராத ஒலியை அது கொண்டுவந்துவிடாது. டாக்டர் அலுவலகத்தில் 'த்ரீ ஃபிஃப்டீன்' என்றார்கள், அப்பா காதில் 'த்ரீ ஃபிஃப்டி' என்று விழுந்தது. மூன்றே காலுக்கு வரவேண்டியவர் மூன்று ஐம்பதுக்குப் போய் நின்றார். பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பியதோடு, வராததற்கு அபராதம் என்று ஒரு பில்லும் வந்தது. அன்றைக்கு அப்பா முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்தப் போனை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். அதுவரை அவருடைய எல்லா அழைப்பையும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். "என்னம்மா சொல்றாங்க?" என்று அவர் பக்கத்தில் நின்று கேட்பதும், நான் கையைக் காட்டி அவரை நிறுத்தி வைப்பதும் இருவருக்குமே பிடிக்காத ஒன்று.

சேவையைப் பற்றிச் சுருக்கமாக. விஸ்கான்சின் மாநிலம் மேடிசனைச் சேர்ந்த அல்ட்ராடெக் நிறுவனம் உருவாக்கிய கேப்டெல் என்ற முறையை அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2003ல் ஏற்றது. இணையம் வழியாக வரும் வகை 2007ல் வந்தது. முதலில் எல்லாம் ஆள்தான். ஒரு ஊழியர் எதிர்முனைப் பேச்சைக் கேட்டு, தன் குரலுக்குப் பழகிய மென்பொருளிடம் அதைத் திரும்பச் சொல்வார், அது எழுத்தாகும். 2018 முதல் ஆளே இல்லாமல் முழுக்கக் கணினியே எழுதவும் அனுமதி உண்டு. கேப்ஷனுக்குக் கட்டணம் கிடையாது. ஊனமுற்ற அமெரிக்கர்களுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பகுதிப்படி, தொலைபேசி நிறுவனங்கள் செலுத்தும் நிதியிலிருந்து அந்தச் செலவு போகிறது. அதனால் கேப்ஷனுக்கு மாதச் சந்தா என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். சேர்ந்தால் பரிசு தருகிறோம் என்று ஆசை காட்டுபவர்களிடமும் எச்சரிக்கை. அப்படிக் கொடுப்பதற்கு எஃப்சிசி விதியில் தடை இருக்கிறது.

போனில் காது கேட்காது என்று சான்று தரும் படிவத்தில் ஆடியாலஜிஸ்டிடம், அதாவது செவித்திறனைச் சோதிக்கும் நிபுணரிடம், கையெழுத்து வாங்கியது சிரமமே இல்லை. அடுத்த செக்கப்பில் கேட்டேன், அங்கேயே போட்டுக் கொடுத்தார். அந்தக் கையெழுத்து இருந்ததால் கருவிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் பெயரில் தொடங்கியது. இந்தச் சேவையில் சேரும் ஒவ்வொருவரின் பெயர், பிறந்த தேதி, முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் ஒரு தேசியப் பதிவேட்டில் சரிபார்க்கப்படும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் மட்டும்தான், குடும்பப் பெயர்ப் பகுதி காலி. விசா கொடுத்தபோது அந்தப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அடித்துவிட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். கிரீன் கார்டு, மாநில அடையாள அட்டை எல்லாம் அதையே பிடித்துக்கொண்டன. காது கிளினிக்கிலோ, வரவேற்பில் இருந்தவர் இன்சூரன்ஸ் அட்டையைப் பார்த்துப் பதிந்திருக்கிறார். அதில் அப்பா பெயர் முதலிலும் தாத்தா பெயர் பின்னாலும் இருக்கும். ஆடியாலஜிஸ்ட் படிவமும் அப்படியே அச்சாகி, அதை வைத்தே கேப்ஷன் நிறுவனம் விண்ணப்பத்தை ஏற்றிவிட்டது. பதிவேடு இப்படி ஒரு ஆளே இல்லை என்று திருப்பி அனுப்பியது.

அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலில் காரணம் எதுவும் இல்லை. "சரிபார்க்க முடியவில்லை, வாடிக்கையாளர் சேவையை அழைக்கவும்" என்று ஒரே வரி. அழைத்தேன். எடுத்த பெண் என்னிடம் பேச மறுத்துவிட்டார். விண்ணப்பதாரர்தான் பேச வேண்டுமாம், அதுவும் போனில். போனில் காது கேட்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த படிவம் அவர் கண்முன் திரையில் இருக்கிறது. அதைச் சொன்னேன். "விதி அப்படித்தான் மேடம்" என்றார். ஸ்பீக்கரில் போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். பிறந்த தேதியை அவர் கேட்க, அப்பா விலாசத்தைச் சொன்னார். விலாசத்தைக் கேட்க, "யெஸ், யெஸ்" என்றார். நான் கேள்வியைத் திரும்பச் சொல்லப் போனால், சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று அந்தப் பெண் அழைப்பைத் துண்டித்துவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர் கைகட்டி உட்கார்ந்து, கேட்காத கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வழி பிறந்தது அவர்களுடைய சாட் பெட்டியில். எழுத்தில் கேட்டதால் அப்பாவே படித்துப் பதில் தட்டினார், அடையாளச் சரிபார்ப்பு அங்கேயே முடிந்தது. எந்த விவரம் பொருந்தவில்லை என்றும் அந்த ஊழியர்தான் சொன்னார். பெயர் ஒன்று, முகவரி இன்னொன்று. வீட்டு வாடகை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் எங்கள் பெயரில் இருப்பதால், அப்பா இந்த விலாசத்தில் வசிப்பதற்கு எந்தத் தடயமும் வெளியே இல்லை. மாநில அடையாள அட்டையும், அவர் பெயரும் சேர்ந்திருக்கும் வங்கிக் கணக்கின் மாத அறிக்கையும் அனுப்பினோம். விண்ணப்பத்தில் முதல் பெயரை 'எஃப்என்யு' என்றே மாற்றினோம். அப்பாவுக்கு அதில் மனமே இல்லை. "என் பேர் தெரியலன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அப்படி எழுதியதும் பதிவேடு உடனே ஏற்றுக்கொண்டது.

ஆகவே, படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் சோஷியல் செக்யூரிட்டி அட்டை, மாநில அடையாள அட்டை, இன்சூரன்ஸ் அட்டை மூன்றையும் மேசையில் பரப்பிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அரசாங்க அட்டையில் உள்ளபடியே காது கிளினிக்கிலும் பதியச் சொல்லுங்கள். பெற்றோர் பெயரில் உங்கள் விலாசத்துக்கு ஒரு வங்கி அறிக்கையாவது வருகிற மாதிரி இப்போதே செய்து வையுங்கள்.

அடுத்தது லைன். எங்களிடம் வீட்டுப் போனே இல்லை, எல்லோருக்கும் செல்போன்தான். அப்பாவுக்கு வந்த மாடலுக்கு இணையமும் வேண்டும், சுவரிலோ மோடத்திலோ செருகும் தொலைபேசி லைனும் வேண்டும். குரல் லைனில் வரும், எழுத்து இணையத்தில் வரும். வைஃபை மட்டும் போதும் என்று விற்பனைப் பிரிவில் அடித்துச் சொன்னார்கள். மாட்ட வந்த டெக்னீஷியன் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "லைன் எங்கே?" என்று கேட்டு, இல்லை என்றதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கேபிள் கம்பெனி கடைக்குப் போய் வீட்டுப் போன் இணைப்பு கேட்டால், கவுண்டரில் இருந்தவர் கேப்ஷன் போன் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளவே இல்லை. டிவியில் ஓடும் கேப்ஷனை எப்படிப் போடுவது என்று விளக்க ஆரம்பித்தார். கடைசியில் அவர் கொடுத்தனுப்பிய மோடத்தின் பின்பக்கத்தில் போன் செருகும் துளையே இல்லை. மறுபடி போய் மாற்றினோம்.

மோடத்தைக் கையில் வாங்கியதும் திருப்பி, 'டெல்' என்று எழுதிய சின்னத் துளை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். முதியோர் குடியிருப்பில் இருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். அங்கே பல இடங்களில் கட்டடம் முழுவதற்கும் ஒரே டிஜிட்டல் தொலைபேசி அமைப்பு இருக்கும், அதில் இந்தக் கருவியை நேரடியாக மாட்ட முடியாது, தனி அனலாக் லைன் கேட்டு வாங்க வேண்டும். வீட்டு லைனே வேண்டாம் என்பவர்களுக்கு ப்ளூடூத் மூலம் செல்போனோடு சேரும் மாடல்கள் இருக்கின்றன, செல்போனிலேயே இயங்கும் இன்னோகேப்ஷன் போன்ற செயலிகளும் இருக்கின்றன. அப்பாவுக்குச் சின்னத் திரை ஒத்துவராது. மின்சாரம் போனால் மோடமும் போகும், எழுத்தும் போகும். அவசரத்துக்கு ஒரு செல்போனைச் சார்ஜோடு பக்கத்திலேயே வையுங்கள்.

மாட்டிய பிறகு தெரிந்துகொண்டவை சில. எழுத்து பேச்சுக்குச் சில நொடிகள் பின்னால்தான் வரும். மனிதர்கள் என்றால், "நான் படித்துப் பதில் சொல்கிறேன், சற்றுப் பொறுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அப்பா அதை ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார், எடுத்ததும் வாசிப்பார். முக்கால்வாசிப் பேர் பொறுமையாகத்தான் இருக்கிறார்கள். 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று ஓடும் இயந்திரக் குரலிடம் அது நடக்காது. எழுத்து வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வைத்துவிடுகிறது. அடிக்கடி அழைக்கும் இடங்களுக்கு எந்த எண்களை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று ஒருமுறை நான் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது அவரே தட்டிவிட்டு ஆள் வரும்வரை காத்திருக்கிறார்.

எண்களைத் திரை காட்டினாலும் கண்ணை மூடி நம்பாதீர்கள். 15 என்றால் 'ஒன், ஃபைவ்' என்று தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். மருந்துப் பெயரை ஸ்பெல்லிங்கோடு கேளுங்கள். கணினி எழுதும்போது மருந்துப் பெயர்கள்தான் அதிகம் சிதைகின்றன.

அம்மா அந்தப் போனை எடுத்தால் கேப்ஷனை அணைத்துவிட்டுத்தான் பேசுவார். பதிவு செய்த, காது கேட்காதவரைத் தவிர மற்றவர்கள் கேப்ஷனோடு பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம், கருவியிலேயே அந்த எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கிறது. விருந்தாளிகளிடமும் சொல்லி வையுங்கள்.

அந்த அபராத பில்லுக்கு வருகிறேன். அப்பாவே கூப்பிட்டுப் பேசினார். ரத்து செய்கிறோம் என்று அந்த அலுவலகத்தில் சொன்னார்கள், அடுத்த மாதம் அதே பில் மறுபடி வந்தது. உரையாடலைச் சேமித்து வைக்கும் வசதி அந்தப் போனில் இருக்கிறது. அப்பா பழைய அழைப்பைத் திறந்து, தேதியையும் அவர்கள் சொன்ன வாக்கியத்தையும் அப்படியே வாசித்துக் காட்டினார். எதிர்முனையில் மேலாளர் வந்தார், பில் ரத்தானது, மின்னஞ்சலிலும் உறுதி வந்தது. பொன்மலையில் ரிஜிஸ்டர் புரட்டி ஆளை மடக்கியவரின் குரல் அன்றைக்குத் திரும்பி வந்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சேமிப்பு வசதியை முதல் நாளே இயக்கி வையுங்கள்.

தீராத குறை ஒன்று உண்டு. எங்களுக்குக் கிடைத்த சேவையில் கேப்ஷன் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான். திருச்சியிலிருந்து சித்தப்பா பேசினால் திரையில் 'வேறு மொழியில் பேசுகிறார்' என்று வந்து நிற்கிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் நண்பர்கள் என்றால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் அங்கங்கே விழுகின்றன. இதற்கு நாங்கள் கண்ட வழி கூகுளின் லைவ் டிரான்ஸ்க்ரைப். 2019ல் வந்த இலவச ஆண்ட்ராய்டு செயலி, தமிழை எழுத்தாக்கும். பேசும் போனிலேயே அதை ஓட்ட முடியவில்லை, அழைப்பு நடக்கும்போது மைக் அதற்குக் கிடைப்பதில்லை. அதனால் ஒரு போனில் சித்தப்பாவை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் பழைய ஆண்ட்ராய்டு ஒன்றில் இதைத் திறந்து, எழுத்தளவைப் பெரிதாக்கி நிமிர்த்தி வைத்துவிடுகிறோம். டிவி, மிக்ஸி எல்லாம் நிறுத்திவிட வேண்டும். சித்தப்பா கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் தவறும், விஷயம் புரிந்துவிடும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும், சோஷியல் செக்யூரிட்டி எண்ணே இல்லாத பெற்றோருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆங்கில அழைப்புக்கும் அதே செயலி உதவும். இரண்டு மொழிகளைத் தேர்ந்து வைத்துக்கொண்டால் ஒரு தட்டலில் மாற்றிக்கொள்ளலாம், பதிவு, படிவம், காத்திருப்பு எதுவும் கிடையாது.